துபாயில் கரண்ட், தண்ணி, ஏசி சேர்த்து வாடகை: நம்மூர்த் தம்பிமாருக்கு

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி வருகிற எல்லாரும் கேட்பதைத்தான் நீயும் கேட்டிருக்கிறாய் தம்பி. பில் எல்லாம் வாடகைக்குள்ளேயே வருகிற மாதிரி இடம் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் எந்தெந்த பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்.

முதலில் தேவா. துபாயில் கரண்டும் தண்ணீரும் கொடுக்கிற ஆணையத்தை எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். உன் பெயரில் ஃபிளாட் எடுத்தால் அங்கே 2,000 திர்ஹாம் டெபாசிட் கட்ட வேண்டும். காலி பண்ணும்போது பாக்கி போக மீதி திரும்ப வரும். மாத பில்லில் ஹவுசிங் ஃபீ என்று ஒரு வரி இருக்கும். ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை 12 மாதத்துக்குப் பிரித்துப் போடுவார்கள். 48,000 திர்ஹாம் வாடகை என்றால் மாதம் 200. நீ லீவில் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டிப் போட்டிருந்தாலும் அந்த 200 வரும்.

அடுத்தது ஏசி. பணம் கரைகிற இடம் இதுதான். சில கட்டடங்களில் ஏசி உன் கரண்ட் மீட்டரிலேயே ஓடும். சிலவற்றில் வெளியே ஒரு ஆலையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் குழாயில் வரும். அதற்கு வேறு கம்பெனி, வேறு பில், வேறு டெபாசிட். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதில் ஒரு நிலையான கட்டணம் உண்டு. 'சில்லர் ஃப்ரீ' என்று விளம்பரம் போட்டிருந்தால் அந்தக் குளிர்விக்கிற செலவு ஓனருடையது என்று மட்டுமே அர்த்தம். தேவா பில் அப்போதும் உன் தலையில்தான். வீடு காட்டுகிறவர் ஜனவரி பில்லைக் காட்டிச் சிரித்தால் நீயும் சிரித்துவிட்டு, ஆகஸ்ட் பில்லைக் கேள். சமையல் கேஸ் குழாயா சிலிண்டரா என்பதையும் அப்படியே கேட்டுவிடு.

சரி, முதல் சில மாதத்துக்குத் தனி ஃபிளாட் வேண்டாம். ஷேரிங் ரூமில் தேவா, வைஃபை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரே தொகை வாங்குவார்கள். இங்கேதான் நம்மைப் போல கேரள எல்லைக்காரனுக்கு ஒரு வசதி. துபாயின் கராமா, அல் நஹ்தா பகுதிகளில் மலையாளிகள் நிறைய. காலி ரூம் தகவல் பாதி அவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடும். "நாட்டில் எவிடெயா?" (ஊரில் எங்கே?) என்று கேட்டால், எல்லையில் கேரளப் பக்கம் இருக்கிற ஊரைச் சொல்லி "பாறசாலைக்கு அப்புறம்" என்று சொல், பேச்சு தானாக நடக்கும். மட்டை அரிசியும் மரச்சீனியும் மீன் கறியும் நமக்குப் பழகியதுதானே, மெஸ்ஸும் பிரச்சினை இல்லை.

ஆனால் ரூமில் கால் வைத்ததும் ஏசி சுவிட்சுக்குப் பக்கத்தில் பார். 'பகலில் போடக் கூடாது, இரவு 10 முதல் 6 வரை' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால், எல்லாம் சேர்த்து என்கிற பேச்சு ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு உதவாது. நைட் ஷிஃப்ட் முடித்து ஜூலை மாத மதியத்தில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று. ரூமை வாடகைக்கு விடுகிறவர் பெரும்பாலும் ஓனராக இருக்க மாட்டார். ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகை விடுவது துபாய் வாடகைச் சட்டப்படி தவறு. அதனால் எஜாரி, அதாவது வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்த சான்றின் காப்பியையும் அந்தச் சம்மதக் கடிதத்தையும் காட்டச் சொல். பிளைவுட் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் வேண்டவே வேண்டாம்; சோதனை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்பது நீதான்.

குடும்பத்தைக் கூட்டி வர எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். மனைவிக்கு விசா எடுக்க உன் பெயரில் பதிவான வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஷேரிங் ரூமில் அது வராது. அப்போது தனி ஃபிளாட், பின்தேதியிட்ட செக், வழக்கமாக 5 சதவீத ஏஜென்ட் கமிஷன் எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்கி வை.

பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் வாடகை குறைவுதான். ஆனால் உனக்கு வேலை ஜெபல் அலியில் என்கிறாய். அது துபாயின் மறுகோடி. காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வருகிற அல் இத்திஹாத் சாலை நெரிசலைத் தாண்டியே பாதி உயிர் போய்விடும். மெட்ரோ ரெட் லைன் ஓரமாகப் பார். ஏதாவது பிடித்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் விளம்பரத்தை இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.