சரக்குப் போக்குவரத்துக் கூலி அதிகமா? முதலில் பில்லைப் பார்ப்பதா, வெளி ரேட்டைப் பார்ப்பதா?

கரூர்க்கணக்கு:
நாங்கள் கரூரில் பெட்ஷீட், குஷன், ரஜாய் செய்து ஏற்றுமதி செய்கிறோம். நான் கணக்குப் பிரிவு. "மற்ற கம்பெனிகளைவிட நாம் சரக்குப் போக்குவரத்துக்குக் கூலி அதிகமாகக் கொடுக்கிறோமா? நாலு இடத்தில் ரேட் விசாரித்து ஒப்பிட்டுக் கொடு" என்று முதலாளி கேட்டார். அதற்கு முன்னால் மூன்று மாத பில்களை வரி வரியாகப் பார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கிடைத்தவை இவை. ஒரு லாரி ஆபீசுக்கு ஒரே எல்.ஆர். (லாரி ரசீது) நம்பருக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறது. தனி பில்லாக ஒரு முறை, மாத ஸ்டேட்மென்டில் ஒரு முறை. தூத்துக்குடி வழியாகப் போன சரக்கு ஒன்றில் துறைமுக டெர்மினல் சார்ஜை, கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டரும் வாங்கியிருக்கிறார், சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டும் வாங்கியிருக்கிறார். மூன்றாவது, கூரியர். எடை குறைவாக, பெட்டி பெரிதாக இருந்தால் பெட்டியின் அளவை வைத்துக் கிலோ கணக்கிட்டுத்தான் காசு வாங்குவார்கள். எங்கள் குஷன் பெட்டி 60×45×40 செ.மீ. பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 21.6, அதாவது 22 கிலோ. பில்லில் ஒவ்வொரு பெட்டிக்கும் 26.5 கிலோ. உள்ளே இருக்கும் சரக்கு 14 கிலோகூட இல்லை!

வெளி ரேட்டை விசாரித்திருந்தால் இதில் ஒன்றாவது தெரிந்திருக்குமா? சொந்த பில்லைப் பார்க்காமல் ஊர் ரேட்டோடு ஒப்பிடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

துறைமுகத்தான்:
மேடம், ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சென்னையில் மெஷின் உதிரிபாகம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். 2021 கடைசியில் ஒரு ஃபார்வர்டரோடு நீண்ட ஒப்பந்தம் போட்டோம். அப்போது கன்டெய்னர் கிடைப்பதே பெரிய விஷயம். உலகக் கன்டெய்னர் கூலியைக் காட்டும் ட்ரூரி குறியீடு அந்தச் செப்டம்பரில் 40 அடி கன்டெய்னருக்கு 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. 2019-இல் அது 1,400 சுமாருக்குத்தான் இருந்தது. பிறகு சந்தை சரிந்துகொண்டே போனது, 2023 அக்டோபரில் 1,500-க்கும் கீழே. நாங்கள் பழைய ரேட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆடிட்டர் ஒவ்வொரு பில்லையும் பார்த்தார். ஒரு ரூபாய் தவறு இல்லை, எல்லாம் ஒப்பந்தப்படி. ஒப்பந்தமே தவறு என்று எந்த பில் சொல்லும்? நீங்கள் பிடிக்கும் தவறுகளில் ஆயிரக்கணக்கில் மிச்சமாகும். ரேட்டை ஒப்பிடாமல் விட்டால் லட்சக்கணக்கில் போகும்.

கரூர்க்கணக்கு:
சார், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்தக் குறியீடு எனக்கு உதவாது. அதில் இருக்கும் எட்டு வழித்தடங்களும் ஷாங்காய், ராட்டர்டாம், ஜெனோவா, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் இவற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. எங்கள் பெட்டி தூத்துக்குடியில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறிப் போகிறது.

அதைவிட முக்கியமானது, நாங்கள் விற்பது எஃப்.ஓ.பி. முறையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரைதான் எங்கள் செலவு. கப்பல் கூலி, சரக்கை வாங்குபவர் தலையில். நாங்கள் கட்டுவது கரூரிலிருந்து லாரி, துறைமுகக் கட்டணங்கள், கிளியரிங், டாக்குமென்ட், சீல், அப்புறம் சாம்பிளும் அவசரச் சரக்கும் போகும் கூரியர். இறக்குமதியில் எல்லாம் உங்கள் கணக்கில் வரும். போக்குவரத்துச் செலவில் உங்கள் சதவீதத்தையும் என் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்தால் இருவருமே ஏமாறுவோம்.

நாமக்கல் லாரி:
அம்மணி சொல்வதில் ஒன்று சேர்க்கிறேன். 22 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஒப்பிடுகிறேன் என்று வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "கிலோமீட்டருக்கு என்ன ரேட்?" ஒரு கம்பெனியில் காலை ஒன்பதுக்குப் போனால் பதினொன்றுக்கு லோடு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்றில் பேக்கிங் முடியவில்லை என்று இரண்டு ராத்திரி கேட்டுக்கு வெளியே படுக்க வைப்பார்கள். ஹால்ட் காசு (காத்திருந்ததற்கான கூலி) கேட்டால் பேச்சே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு ரேட்டிலேயே அதைச் சேர்த்துத்தான் சொல்வோம். ரிட்டன் லோடு கிடைக்கிற ஊரா, காலியாகத் திரும்ப வேண்டிய ஊரா என்பதும் அதிலேயே அடங்கும்.

இது எதையும் கேட்காமல், "பக்கத்துக் கம்பெனிக்குக் குறைத்துக் கொடுக்கிறாய்" என்று சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்துக் கம்பெனி எங்களை மதித்து நடத்துகிறது, அதனால் குறைவு.

வெண்ணிலா:
இந்தியாவில் லாஜிஸ்டிக்ஸ் (சரக்குப் போக்குவரத்து, கிடங்கு) செலவு ஜி.டி.பி.யில் 13-14% என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்களே, அதை வைத்துப் பார்க்கக் கூடாதா?

கரூர்க்கணக்கு:
வேண்டவே வேண்டாம். அந்த 13-14% பல வருஷமாக மேடைக்கு மேடை சொல்லப்பட்டது. 2023 டிசம்பரில் என்.சி.ஏ.ஈ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டபோது 2021-22-க்கு 7.8 முதல் 8.9% வரைதான் வந்தது. 2023-24-க்கு 7.97% என்று அடுத்த மதிப்பீடு. பழைய எண்ணுக்கும் இதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். எதைச் சேர்த்து, எப்படி எண்ணுகிறோம் என்பதில் நாட்டின் கணக்கே இவ்வளவு மாறுகிறது என்றால், ஒரு கம்பெனியின் கணக்கு மாறாதா?

துறைமுகத்தான்:
சரி மேடம், ஒரு கேள்வி. அந்த 60×45×40-ஐ எப்போது அளந்தீர்கள்? பெட்டி காலியாக இருந்தபோதா, குஷனை நிரப்பி டேப் ஒட்டிய பிறகா?

கரூர்க்கணக்கு:
அது பெட்டிக்காரர் கோட்டேஷனில் இருந்த அளவு. நானாக அளக்கவில்லை. நாளை பேக்கிங் ஹாலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கரூர்க்கணக்கு:
இன்று அளந்தேன். ஐந்து பெட்டிகளை வரிசையாக வைத்து, மேலே ஒரு மட்டப் பலகை வைத்துப் பார்த்தோம். பலகை பெட்டிகளின் ஓரத்தில் படவே இல்லை, நடு வயிற்றில்தான் உட்கார்ந்தது. நீளம் 60 அப்படியே இருக்கிறது. அகலம் 48, உயரம் 46. பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 26.496. அரை கிலோ கணக்கில் 26.5! கூரியர்காரரின் மெஷின் சரியாகத்தான் அளந்திருக்கிறது. ஒரு பெட்டிக்கு இருபது குஷன் திணிக்கிறார்கள். பதினெட்டு வைத்துப் பார்த்தோம், மூடி தட்டையாக நின்றது. கூரியர் மேல் போட்ட புகாரை எழுத்தில் திரும்பப் பெறுகிறேன். மற்ற இரண்டும் நிற்கும்.

ஆனாலும் சார், இதையும் எந்த ஒப்பீடும் சொல்லியிருக்காது. இன்னொரு கூரியரிடம் ரேட் வாங்கியிருந்தால் அவரும் அதே வயிற்றைத்தான் அளந்திருப்பார்.

துறைமுகத்தான்:
இதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மற்றதை விட மாட்டேன். உங்கள் தூத்துக்குடி லாரி ரேட்டைக் கடைசியாகப் பேசியது எப்போது?

கரூர்க்கணக்கு:
2022 ஏப்ரல்.

துறைமுகத்தான்:
அந்த மாதம் சென்னையில் டீசல் 100 ரூபாய்க்கு மேல். மே மாதம் கலால் வரி குறைந்து 94-க்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னும் இரண்டு ரூபாய் குறைத்தார்கள். உங்கள் ரேட் ஒரு பைசா இறங்கியதா? உங்கள் பில்கள் அத்தனையும் 'சரி'தான், எங்கள் ஆடிட்டர் சொன்ன அதே 'சரி'.

நாமக்கல் லாரி:
தம்பி, டீசலை மட்டும் எண்ணாதீர்கள். டோல் வருஷா வருஷம் ஏறுகிறது. டயர், இன்சூரன்ஸ், டிரைவர் படி எதுவும் இறங்கவில்லை. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் மேஜையில் வைத்துப் பேசுங்கள்.

கரூர்க்கணக்கு:
அண்ணா, அப்படியே செய்கிறேன். இதில் என்னிடம் பதில் இல்லை. அந்த ரேட்டை நான் ஒரு முறைகூடக் கேள்வி கேட்கவில்லை. திங்கட்கிழமை மூன்று லாரி ஆபீசுக்கு ரேட் கேட்டுக் கடிதம் அனுப்புகிறேன். எங்கள் கேட்டில் வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் வாட்ச்மேன் நோட்டில் இருக்கிறது. அந்த மூன்று மாதப் பக்கங்களையும் நகல் எடுத்து அதோடு வைக்கிறேன். டீசல், டோல், ஹால்ட் மூன்றும் தனித்தனி வரியாக வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.