வளர்த்த சித்தி கையெழுத்துப் போட்டால் செல்லாதா?

சாட்ஸ்வர்த் சித்தி: அக்கா மகனுக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம். அக்காவும் அத்தானும் இறந்துபோன பிறகு என்னிடம்தான் இருக்கிறான். கண்புரை ஆபரேஷனுக்கு என் கையெழுத்து செல்லாதாம். கேப் டவுனில் இருக்கும் அவன் அண்ணன்தான் போடணுமாம். காவடிக்குக்கூட எட்டிப் பார்க்காதவன்!

பீனிக்ஸ் நர்ஸ்: அக்கா, இது ஆஸ்பத்திரியின் பிடிவாதம் இல்லை. நம்ம தென்னாப்பிரிக்காவின் 2003 தேசிய சுகாதாரச் சட்டம், 7ஆம் பிரிவு. நோயாளியால் சம்மதம் தர முடியாவிட்டால், அவர் முன்பே எழுதி நியமித்தவரோ கோர்ட் நியமித்தவரோ தரலாம். அப்படி யாரும் இல்லையென்றால் கணவன் மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, அப்புறம் உடன்பிறப்பு. இதே வரிசைதான். சித்தி அதில் இல்லை.

மெரீபேங்க் மணி: சோறு போட்டவளுக்கு உரிமை இல்லையா? எய்ட்ஸ் பெற்றோரைக் கொண்டுபோன எத்தனை வீடுகளில் சித்திமார்தானே பிள்ளைகளை வளர்த்தார்கள்!

பீனிக்ஸ் நர்ஸ்: பட்டியலைத் தளர்த்தினால், மானியப் பணத்துக்காக ஒட்டிக்கொண்டவர்களும் ‘நான்தான் வளர்த்தேன்’ என்று வருவார்கள், மணி அண்ணா. லைஃப் எசிடிமெனி மறந்துபோச்சா? 2016இல் கௌடெங் மாகாண அரசு அந்தத் தனியார் மருத்துவமனையின் மனநல நோயாளிகளைச் சரியான பராமரிப்பில்லாத இடங்களுக்கு மாற்றி 144 பேர் செத்தார்கள். குடும்பத்தை ஒதுக்கினால் அதுதான் நடக்கும்.

மெரீபேங்க் மணி: அந்தக் குடும்பங்கள் கோர்ட்டுக்கே போய்க் கத்தின, தங்கச்சி. பட்டியலில் பேர் இருந்து என்ன பலன்?

வெருலம் டீச்சர்: பையனிடம் யாராவது கேட்டீர்களா? டவுன் சிண்ட்ரோம் என்றாலே புரியாது என்று எடுத்துக்கொள்வதா? கண்ணில் என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று படம் காட்டிச் சொல்லட்டும். அவன் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னால் அவன் சம்மதமே போதும், அண்ணனும் வேண்டாம் சித்தியும் வேண்டாம். புரியாவிட்டாலும் 8ஆம் பிரிவு இருக்கிறது: முடிந்தவரை அவனிடம் கலந்து பேசிவிட்டுத்தான் மற்றவர் சம்மதம் தரணும். இந்தப் பிரிவை மட்டும் எல்லாரும் வசதியாகத் தாண்டிவிடுகிறீர்கள்.

பீனிக்ஸ் நர்ஸ்: சட்டம் சரி டீச்சர். வெளியே வரிசை நிற்கும்போது படம் காட்ட யாருக்கு நேரம்? கருத்தடை ஆபரேஷன் என்றால் 1998 சட்டம் ஒரு குழுவையே உட்காரச் சொல்கிறது. கண்ணுக்கு யார் உட்காருவார்?

சாட்ஸ்வர்த் சித்தி: கேட்டேன். “ஊசி வேண்டாம், டிவி தெரியணும்” என்கிறான். இது சம்மதமா, மறுப்பா?

வெருலம் டீச்சர்: ஊசிக்குத்தான் பயம். மரத்துப்போகும் களிம்பு தடவச் சொல்லுங்கள். அவன் சொன்னதை அப்படியே ஃபைலில் எழுதவும் சொல்லுங்கள்.

மெரீபேங்க் மணி: அண்ணன்காரன் மாட்டேன் என்றால்?

பீனிக்ஸ் நர்ஸ்: அவனுக்காக முடிவெடுக்க ஒரு க்யூரேட்டரை, அதாவது பாதுகாவலரை, நியமிக்கச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்கணும். வக்கீல் செலவு தாங்காது. முதலில் போன் போட்டுப் பாருங்கள் அக்கா.