வடக்குத்தெரு குரூப்: காம்பன்சேட்டரும் கிரிப்பும் சேந்தா எவ்வளவு குறையும்?

அஸ்லம்: துப்பாக்கி கேம்ல ஒரு டவுட். சுடும்போது கன் மேல எகிறுறதை (ரீகாயில்) குறைக்க ரெண்டு பார்ட் இருக்கு: குழல் முனையில மாட்டுற காம்பன்சேட்டர் 20% குறைக்குது, கைப்பிடி, அதாவது கிரிப் 15%. ரெண்டையும் மாட்டினா 35தானே? பாசித் 32ங்கிறான்

பாசித்: பெருக்கிப் பாருடா. 0.8 × 0.85 = 0.68. மிச்சம் 68. அப்ப குறைஞ்சது 32

ஹமீது காக்கா: அது கேமைப் பொறுத்தது. எல்லா சதவீதத்தையும் முதல்ல கூட்டி, கடைசியில ஒரே தடவையா பேஸ்ல, அதாவது ஒண்ணும் மாட்டாத அசல் நம்பர்ல கழிக்கிற கேமும் இருக்கு. ஒவ்வொண்ணா பெருக்கிக்கிட்டே போற கேமும் இருக்கு. ரெண்டு பார்ட்னா 3 புள்ளிதான் வித்தியாசம், கையில தெரியாது. அஞ்சு பார்ட், ஒவ்வொண்ணும் 15%ன்னு வெச்சுக்க. கூட்டினா மிச்சம் 25. பெருக்கினா மிச்சம் 44. அங்கதான் இடிக்கும்

நஸ்ரின் ராத்தா: ரெண்டும் கலந்த கேமும் இருக்கு. வார்ஃப்ரேம்ங்கிற கேம்ல கன்னுக்கு பவர் ஏத்துற கார்டை மாட்னு சொல்வாங்க. ஒரே வகை மாட் எல்லாம் தங்களுக்குள்ள கூடும், வேற வேற வகை ஒண்ணையொண்ணு பெருக்கும்.
பேஸ் டேமேஜ் 100. செரேஷன்ங்கிற மாட் +165% போட்டா 265.
அதோட ஹெவி காலிபர் +165%: அதுவும் அதே டேமேஜ் வகை, அதனால 100 + 165 + 165 = 430.
அதுக்குப் பதிலா ஸ்ப்ளிட் சேம்பர் +90% மல்டிஷாட் (ஒரு தடவை சுட்டா கூடுதல் புல்லட் போகும்): வேற வகை, 265 × 1.9 = 503.5.
90-ஐ விட 165 பெரிசுன்னு ஹெவி காலிபரை மாட்டுறவன் குறைச்சலா வாங்கிட்டுப் போறான். குறி துல்லியத்துல 55% வேற போகும்

அஸ்லம்: 😳

பாசித்: அப்ப ரெண்டாவதா மாட்டும்போது முதல்ல எந்த வகைன்னு பாக்கணும், நம்பர் அப்புறம்தான்

செய்யது சாச்சா: தெருவுல தண்ணி வந்துருச்சு. மோட்டார் போடாதவங்க போடுங்க. அஸ்லம், உங்க வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்

அஸ்லம்: போட்டாச்சு சாச்சா

அஸ்லம்: காக்கா, சதவீதமே காட்டாத கேம்ல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹமீது காக்கா: அளக்கணும். ட்ரெய்னிங் கிரவுண்ட் போ. கைரோ (போனைச் சாய்ச்சுக் குறி வைக்கிறது) ஆஃப். ஒரே ஸ்கோப், நடுவுல மாத்தாதே. நின்னுக்கிட்டே அடி, உக்காந்தா ரீகாயில் மாறிடும். சுவத்துக்கு ரொம்பக் கிட்டயும் நிக்காதே, கோணம் பெரிசாச்சுன்னா உயரம் நேர்விகிதத்துல வராது. விரலைக் கீழ இழுக்காம 10 புல்லட் விடு. பார்வையைச் சுவத்துக்கு நேரா இறக்கி ஸ்கிரீன்ஷாட் எடு. முதல் ஓட்டைக்கும் பத்தாவது ஓட்டைக்கும் நடுவுல எத்தனை பிக்சல்னு எழுது.
நாலு செட்: வெறும் கன், காம்பன்சேட்டர் மட்டும், கிரிப் மட்டும், ரெண்டும்

ஹமீது காக்கா: வெறும் கன் 200, காம்பன்சேட்டர் 160, கிரிப் 170ன்னு வந்துச்சுன்னா, ரெண்டும் மாட்டும்போது 136 வந்தா பெருக்கல், 130 வந்தா கூட்டல். வித்தியாசம் வெறும் 6 பிக்சல். ஒரே ஒரு தடவை சுட்டதை வெச்சு முடிவு பண்றது சீட்டுக் குலுக்கல்தான். செட்டுக்குக் குறைஞ்சது 10 தடவை அடிச்சு சராசரி எடு. பக்கவாட்டு ஆட்டத்தை இதுல சேக்காதே

நஸ்ரின் ராத்தா: ரீலோடுக்கும் (திரும்பக் குண்டு போடுறது) ஒரு பொறி இருக்கு. "ரீலோடு டைம் −30%"ன்னா 3 செகண்ட் 2.1 ஆகும். "ரீலோடு ஸ்பீடு +30%"ன்னா 3-ஐ 1.3-ஆல வகுக்கணும், 2.31தான். ஸ்பீடுன்னு போட்டிருந்தா வகுத்துடுங்க

பாசித்: ஸ்கோப் ஓப்பன் ஆகுற நேரத்துக்கும் இதே தகராறுதானே?

நஸ்ரின் ராத்தா: இருக்கு, ஆனா மண்டையைப் போட்டு உடைக்காதே. 250 மில்லிசெகண்ட், ஒரு பார்ட் −10%, இன்னொண்ணு +8%. கூட்டினா 245, பெருக்கினா 243. செகண்டுக்கு 60 படம் காட்டுற (60 எஃப்பிஎஸ்) போன்ல ஒரு படமே 16.7 மில்லிசெகண்ட், இந்த 2 மில்லிசெகண்ட் எங்க தெரியப்போகுது

அஸ்லம்: டேமேஜ் ஏத்துற பார்ட்டாவது யோசிக்காம மாட்டலாமா? +5%ன்னு ஒரு பேரல் (குழல்) இருக்கு

ஹமீது காக்கா: அதுலதான் ரொம்ப யோசிக்கணும். எதிராளி ஹெல்த் 100, உன் கன் டேமேஜ் 32. மூணு புல்லட் 96, சாக மாட்டான், நாலாவது வேணும். 5% ஏத்தினா 33.6, மூணே புல்லட்ல 100.8. ஃபயர் ரேட் நிமிஷத்துக்கு 600ன்னா புல்லட்டுக்குப் புல்லட் 100 மில்லிசெகண்ட். முதல் புல்லட் சுழியத்துல போகுது, அதனால 300 ஆனது 200 ஆகுது. வெறும் 5%க்கு மூணுல ஒரு பங்கு நேரம் மிச்சம்.
அதே பேரலை 28 டேமேஜ் கன்ல மாட்டு: 29.4. முன்னாடியும் 4, இப்பவும் 4. பார்ட் மாட்டுற இடம் (ஸ்லாட்) வேஸ்ட்

பாசித்: எதிராளி வெஸ்ட் (குண்டு தடுக்கிற கவசம்) போட்டிருந்தா?

ஹமீது காக்கா: அப்ப மறுபடி கணக்குப் போடணும். பப்ஜி வெஸ்ட் நம்பரையே எடுத்துக்க: லெவல் 1 30%, லெவல் 2 40%, லெவல் 3 55% தடுக்கும். (இது கணக்குக்கு மட்டும்.)
லெவல் 1: பேரல் இல்லாம 22.4, பேரலோட 23.52. ரெண்டுக்கும் 5 புல்லட். பேரல் பிரயோஜனமில்லை.
லெவல் 2: 19.2-க்கு 6 வேணும், 20.16-க்கு 5 போதும். பேரல் மறுபடி வேலை செய்யுது

அஸ்லம்: அதெப்படி லெவல் 1-ல வேலைக்காகாதது 2-ல ஆகுது 🤯

நஸ்ரின் ராத்தா: புல்லட் அரை கால்னு போகாதுல்ல. 100-ஐ வகுத்து வர்றதை எப்பவும் மேல முழு எண்ணாக்கணும். 5.2 வந்தா 6, 4.96 வந்தா 5

செய்யது சாச்சா: டேய், சுபுஹுக்கு எந்திரிக்கணும். இதென்ன டியூஷன் சென்டரா?

அஸ்லம்: ஒரே ஒரு கேள்வி சாச்சா 🙏 லெவல் 3 வெஸ்ட்காரனுக்கு?

ஹமீது காக்கா: 14.4 × 7 = 100.8. பேரலோட 15.12, ஆறு புல்லட் 90.72, அங்கயும் 7தான். அவனை நெஞ்சுல அடிச்சு நேரத்தை வீணாக்காதே, தலையைப் பாரு. அந்த ஸ்லாட்ல ரீகாயில் பார்ட்டை மாட்டு