பசந்த் பஹார்: எந்த இடத்தில் ராகம் மாறியது?

மூலை_நாற்காலி
புணேயில் வேலை பார்த்தபோது ஒரு வீட்டு ஹிந்துஸ்தானிக் கச்சேரி. பசந்த், பஹார் என்ற இரண்டு ராகங்களைச் சேர்த்துப் பாடும் பசந்த் பஹார் என்று பின்னால்தான் தெரிந்தது. பிப்ரவரி மாதம். பாடகர் ராகத்தின் பெயரைச் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார். தார ஷட்ஜத்தைச் (மேல் ஸ) சுற்றியே பாட்டு, தீவிர மத்யமம் (உயர்ந்த ம), கோமள தைவதம் (தாழ்ந்த த). பசந்த்தான், சந்தேகமில்லை என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் மெல்ல இறங்கி வந்து சுத்த மத்யமத்தில் (தாழ்ந்த ம) நின்றார். நின்றார் என்றால், விளம்பித ஏக்தால் என்ற மெதுவான தாளத்தில் பன்னிரண்டு மாத்திரையும் கிட்டத்தட்டத் தீரும்வரை! அங்கிருந்து கோமள காந்தாரத்தைத் (தாழ்ந்த க) தொட்டுவிட்டு மேலே ஏறினால் தைவதம் சுத்தம் (உயர்ந்த த). பஹார்! பக்கத்தில் இருந்த பெரியவர் ‘வாஹ்’ என்றது அந்த மத்யமத்திலேயே. எனக்கு விளங்கியது அடுத்த ஸம்மில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில். அவருக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

தில்லி_மாமி
நீங்களாவது பரவாயில்லை. கரோல் பாகில் ஒரு மாலை, பசந்த் என்றதும் நம்ம கர்நாடக வசந்தாதானே என்று போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து வீட்டுக்காரரிடம், “என்னன்னா, பந்துவராளி மாதிரின்னா இருக்கு!” என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. தபலாக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பாடகர் பஹாருக்குத் தாவினாரா, எங்கே தாவினார், ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஸரிகமபதன்
மூலை நாற்காலி சொல்வதில் ஒரு திருத்தம். சுத்த மத்யமத்தில் நின்றதாலேயே பஹார் வந்துவிடாது. பசந்த்திலும் இரண்டு மத்யமமும் உண்டு. ஸ-ம என்று லலித் ராகச் சாயலில் ஒரு பிடி வருமே, அதுதான். இரண்டு ராகத்துக்கும் பொது என்பதால்தான் அதைக் கதவாக வைத்திருக்கிறார்கள். தார ஷட்ஜம் இன்னொரு கதவு. பெரியவர் ‘வாஹ்’ சொன்னது ராகம் மாறியதற்காக இருக்காது, கதவருகே நின்றதற்காக இருக்கும்.

மாமி, வசந்தா சூரியகாந்தத்தின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), பஞ்சமமே (ப) கிடையாது. பசந்த் பூர்வி தாட் (ஹிந்துஸ்தானியில் ராகக் குடும்பம்). பெயர்தான் ஒன்று. பந்துவராளி என்று உங்களுக்குத் தோன்றியது தப்பே இல்லை: ரி, க, தீவிர ம, த, நி எல்லாம் அதேதான். முதலில் பசந்த்தை மட்டும் ஒரு வாரம் கேளுங்கள். கூடவே அதை ஒத்த பரஜ் ராகத்தையும் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பும். அடுத்து பஹார்: நி-த-நி-ஸ என்று ஏறும்போது இரண்டு நிஷாதமும் (தாழ்ந்த நி, உயர்ந்த நி) காதில் விழ வேண்டும். கடைசியில் 1956-இல் வந்த ‘பசந்த் பஹார்’ படத்தில் பீம்சேன் ஜோஷியும் மன்னா டேயும் பாடும் ‘கேதகி குலாப் ஜூஹி’. சினிமாதானே என்று ஒதுக்காதீர்கள்.

என் அனுபவமா? கொல்கத்தாவில் ஒருமுறை கேட்டேன். நன்றாக இருந்தது.

தில்லி_மாமி
ஒரு வாரமெல்லாம் எனக்கு முடியாதப்பா. அந்தத் தபலாக்காரர் முகம்தான் இன்னும் நிற்கிறது.

மூலை_நாற்காலி
கதவு என்கிறீர்கள், சரி. ஆனால் நின்றபோது அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கேள்வியே அதுதான்.