மறுபூச்சு, பூச்சுமீட்பு: பழைய ரேடியோப் பெட்டிக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வால்வு ரேடியோவின் மரப்பெட்டியை ‘ரீஃபினிஷ்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய உரையாடல் இழையை முழுவதும் படித்தேன். புதுப்பித்தல், மெருகேற்றல், மறுமெருகு, மேற்பூச்சு மாற்றம் என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘புதுப்பித்தல்’ எல்லாருக்கும் புரியும், அதையே வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் பேச்சு சாய்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே சொல்லில் முடித்துவிட்டால் நல்ல பெட்டிகள் பாழாகும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்கு ரேடியோ விஷயத்தில் ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில் தபால் ஆபீசில் பணம் கட்டி அதைப் புதுப்பிப்பார்கள். சரி, இன்று அதனால் யாருக்கும் குழப்பம் வராது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியைத் துடைத்து மெழுகு போடுவதும் புதுப்பித்தல்தான். வெடித்த பூச்சை அதே இடத்தில் இளக்கி ஒழுங்காக்குவதும் புதுப்பித்தல்தான். பூச்சை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதும் புதுப்பித்தல்தான். முதல் இரண்டிலும் தொழிற்சாலையில் பூசியது பெட்டியிலேயே இருக்கும். மூன்றாவதில் அது போயே போய்விடும். ‘தாத்தாவின் ரேடியோவைப் புதுப்பிக்கப் போகிறேன்’ என்று ஒருவர் எழுதினால், அவர் கையில் மெழுகு இருக்கிறதா, பூச்சு உரிக்கும் ரசாயனம் இருக்கிறதா என்று தெரியாமல் நாம் என்ன யோசனை சொல்வது?

தொழிற்சாலைப் பூச்சு போனால் என்ன, இன்னும் நன்றாக அடித்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அமெரிக்க ரேடியோக் கம்பெனியான ஃபில்கோ 1931-இல் விற்ற 90-ஆம் மாடலைப் பாருங்கள். மேற்பக்கம் வளைந்து தேவாலய ஜன்னல் போல இருக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் அந்த வடிவத்துக்கே ‘கதீட்ரல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளில் முன்முகத்துக்கு வால்நட் மரத்தின் வினீரை, அதாவது மெல்லியதாகச் சீவிய மரத்தாளை, ஒட்டினாலும், கீழ்ச்சட்டம், ஓர விளிம்பு போன்றவற்றைப் பாப்லர் மாதிரி வெளிறிய, மலிவான மரத்தில் செய்வது சாதாரணம். அந்த வெளிர்மரத்தின்மேல் பழுப்பு நிறம் கலந்த லாக்கரை, அதாவது சீக்கிரம் காயும் ஒரு பூச்சை, தெளித்து வால்நட் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த நிறம் மரத்துக்குள் இறங்கியதில்லை, பூச்சிலேயே இருப்பது. உரித்தால் நிறமும் சேர்ந்தே வந்துவிடும். அடியில் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டை நிற்கும். அதன்மேல் பளபளவென்று தெளிவான வார்னிஷ் அடித்து, ‘உண்மையான மரத்தின் அழகை வெளியே கொண்டுவந்தேன்’ என்று படம் போடுகிறார்கள். அந்தக் கட்டை வெளியே தெரிய வேண்டும் என்று ஃபில்கோ ஒருநாளும் நினைத்ததில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் பிரிட்டனின் மர்ஃபி ரேடியோக் கம்பெனி. 1930-களில் அந்தக் கம்பெனி பெட்டி வடிவமைப்பை ஆர். டி. ரஸ்ஸலிடம் ஒப்படைத்தது. மரச்சாமான் வடிவமைப்பில் பேர்போன கார்டன் ரஸ்ஸலின் தம்பி அவர். அவருடைய பெட்டிகளில் செதுக்குவேலை, தூண், வளைவு எதுவும் அதிகம் கிடையாது. நேர்கோடுகள், நல்ல வினீர், அதன் ரேகை ஓட்டம், அவ்வளவுதான். வினீரின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உப்புத்தாளை ஓரத்தில் நாலு முறை கூடுதலாக இழுத்தால் போதும், வினீர் தேய்ந்து அடியில் இருக்கும் ஒட்டுப்பலகையின் குறுக்கு ரேகை வந்துவிடும். அப்புறம் அதை மறைக்க வழியே இல்லை. இங்கே ‘புதுப்பித்தல்’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும்’ என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அடுத்து, சொல்லை விடவும் அவசரமான ஒன்று. ‘லாக்கர்’ என்பதற்கு நம் பரிந்துரைப் பட்டியலில் ‘அரக்கு’ என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றுங்கள். அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதைச் சுத்தம் செய்து மெல்லிய செதிள்களாக்கினால் அது ஷெல்லாக். ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டிய பொட்டலத்தால் நம் ஆசாரிகள் போடும் பிரெஞ்சு பாலிஷ் இதுதான். உலகத்துக்கே அரக்கு கொடுத்த நாடு இந்தியா. அதற்கென்றே ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924-இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ரேடியோப் பெட்டிகளில் இருக்கும் லாக்கரோ பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்துச் செய்வது. வெடிபஞ்சும் இதே குடும்பம்தான். வீட்டுக்குள் அடுப்போ ஊதுபத்தியோ எரியும்போது இதைத் தெளிக்கவே கூடாது. டூபாண்ட் கம்பெனி 1923-இல் ‘டூகோ’ என்ற பெயரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. நாள்கணக்கில் காயும் வார்னிஷுக்குப் பதில் சீக்கிரமே காயும் பூச்சு கிடைத்ததும், வரிசை வரிசையாகப் பெட்டி செய்த ரேடியோத் தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதில் அரக்கு ஒரு துளியும் இருக்க வேண்டியதில்லை.

இது வெறும் சொல் சுத்தம் பற்றிய பேச்சு இல்லை. ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும். நைட்ரோ லாக்கருக்கு அதற்கென்று விற்கும் ‘தின்னர்’ என்ற கரைப்பான் வேண்டும். ‘அரக்குப் பூச்சு வெடித்திருந்தால் ஸ்பிரிட் தடவி இளக்கவும்’ என்று தமிழில் எழுதிவைத்தால், லாக்கர் பெட்டி வைத்திருப்பவர் ஸ்பிரிட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்; நினைத்தபடி இளகாது; கடைசியில் பொறுமை இழந்து உப்புத்தாளை எடுப்பார். ஆக, ஷெல்லாக்குக்கு ‘அரக்கு’ என்பதை முழுதாக ஒதுக்கிவிடலாம், அது நம் சொந்தச் சொல். லாக்கருக்கு ‘லாக்கர்’ என்றே எழுதலாம். ஹார்டுவேர் கடையில் ‘என்.சி. லாக்கர், என்.சி. தின்னர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த என்.சி. நைட்ரோசெல்லுலோஸின் சுருக்கம். கடைக்காரருக்குப் புரியாத கலைச்சொல்லை இந்த ஒரு இடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தப் பூச்சு என்று கண்டுபிடிப்பது எளிது. பெட்டியின் பின்பக்கம், யாரும் பார்க்காத ஓரத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் விரலில் பிசுபிசுத்தால், பஞ்சில் பழுப்பாக ஒட்டினால், அது அரக்கு. ஒன்றும் ஆகவில்லையென்றால் பக்கத்தில் இன்னொரு புள்ளியில் தின்னர். அதில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சு. இந்தச் சோதனையிலிருந்தே இரண்டு வகைப்பெயர்கள் கிடைக்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்ந்து, அதே கரைப்பான் பட்டால் மறுபடி இளகுவது ‘கரைபூச்சு’. காயும்போது வேதிவினையில் இறுகி, பிறகு கரையவே கரையாதது ‘இறுகுபூச்சு’. அரக்கும் லாக்கரும் கரைபூச்சு. வார்னிஷும் பாலியூரித்தேனும் இறுகுபூச்சு. இந்த இரண்டு பெயர்களும் இருந்தால் மீதியை விளக்குவது சுலபம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கரைபூச்சு வெடித்து வலைவலையாகக் கோடு விழுந்திருந்தால் அதை உரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தூரிகையால் ஒரே போக்கில் தடவினாலோ மெல்லத் தெளித்தாலோ பழைய படலம் இளகி, கோடுகள் மூடி, சமமாகப் படிந்து மறுபடி காயும். பூச்சு பழையதே, நிறமும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘பூச்சுமீட்பு’. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதற்கு ‘மறுபூச்சு’. இன்று ரீஃபினிஷிங் என்று சொல்வது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

‘மறு’ வேண்டுமா ‘மீள்’ வேண்டுமா என்று இழையில் ஒரு சிறு வாதம் நடந்தது. என் காதுக்கு, மறுதேர்தல், மறுமணம் என்னும்போது முந்தையது முடிந்து புதிதாக ஒன்று தொடங்குகிறது. மீட்பு, மீட்சி என்னும்போது இருந்ததே திரும்பி வருகிறது. நமக்குத் தேவையான வேறுபாடு மிகச் சரியாக இதுதான். இலங்கை நண்பர்கள் இங்கே தயங்கலாம். நாங்கள் மறுபரிசீலனை என்பதை நீங்கள் மீள்பரிசீலனை என்கிறீர்கள். ‘மீள்’ உங்களுக்கு இரண்டு பொருளுக்கும் பொதுவாக நிற்கிறது. அதனால்தான் ‘மீள்பூச்சு’ என்று வைக்காமல் ‘பூச்சுமீட்பு’ என்று வைக்கிறேன். பூச்சை மீட்கிறோம் என்று பிரித்துச் சொன்னால் இரு கரையிலும் ஒரே பொருள்தான் வரும்.

‘மறுமெருகு’ சொன்ன நண்பருக்கு: அழகான சொல்தான், ஆனால் மெருகு என்பது பளபளப்பு. மர்ஃபி பெட்டிகள் பலவற்றில் அடங்கிய மினுக்கம்தான் இருக்கும்; கண்ணாடி போல் மின்னினால் அதுவே தப்பு. ‘பூச்சு’க்குப் பளபளப்போடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. சுவர்ப்பூச்சோடு குழம்பாதா என்று கேட்டால், தனியாக நிற்கும் இடத்தில் ‘மரப்பூச்சு’ என்று எழுதிக்கொள்ளலாம். தலைப்பிலேயே ரேடியோப் பெட்டி இருக்கும்போது அதுவும் தேவைப்படாது.

துணைச் சொற்கள் சில. மரத்துக்குள் ஊறும் நிறத்துக்குச் ‘சாயம்’ போதும், துணியில் ஊறுவதும் அதுதானே. ஃபில்கோ விஷயத்தில் சொன்ன, பூச்சுக்குள்ளேயே நிறம் இருக்கும் லாக்கருக்கு ‘நிறப்பூச்சு’. இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. மரத் துளைகளை அடைக்கும் மாவுக்கு ஆசாரிகள் ‘மக்கு’ என்கிறார்கள், அது இருக்கட்டும். வினீருக்கு ‘மேலொட்டு’ என்று அகராதிச் சாயலில் வைக்கலாம். ‘வினீர்’ என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம். பழைய வினீரை ஒட்டியிருக்கும் பசைக்கு ‘வச்சிரம்’ என்று அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். தோலிலிருந்து காய்ச்சும் அந்தப் பசை சூட்டிலும் ஈரத்திலும் மறுபடி இளகும். ஆகவே உப்பி நிற்கும் வினீரின்மேல் ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலே பல நேரம் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பூச்சு அரக்காக இருந்தால் அந்த ஈரமும் சூடும் அதை வெளுக்கவைக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மழைக்காலத்தில் லாக்கர் தெளித்தால் வெண்புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, படலத்துக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இதற்கு ‘நீறுபூத்தல்’ என்று வைப்போம். பெட்டியைப் பார்த்ததும் தானாக வாயில் வரும் சொல் அது. மெதுவாக ஆவியாகும் தின்னரை லேசாகத் தெளித்தால் ஈரம் வெளியேறி நீறு மறையும். வெயில் நாள்வரை காத்திருப்பது அதைவிட நல்லது.

ஒரு எச்சரிக்கை, சொல் சம்பந்தமில்லாதது. பெட்டியில் கைவைக்கும் முன் உள்ளே இருக்கும் சேசிஸை, அதாவது வால்வுகளும் மற்ற பாகங்களும் பொருத்திய உலோகத் தட்டை, கழற்றி எடுத்துவிடுங்கள். டயல் கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள் உட்பக்கம் அச்சாகியிருக்கும்; ஈரத்துணி பட்டாலே சில செட்டுகளில் கொழும்பும் டில்லியும் துணியோடு வந்துவிடும். ஏ.சி. (மாறுமின்சாரம்), டி.சி. (நேர்மின்சாரம்) இரண்டிலும் ஓடும் செட் என்றால் சேசிஸே மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். குமிழ்களின் திருகு ஆணிக் குழியை அதனால்தான் மெழுகால் அடைத்திருப்பார்கள். சுத்தம் செய்கிறேன் என்று அந்த மெழுகைச் சுரண்டினால், திரும்ப மாட்டும்போது புது மெழுகு வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியைக் கூட்டப் போகிறவர் விரலில் ஷாக் அடிக்கும்.

மறுபூச்சு, பூச்சுமீட்பு, கரைபூச்சு, இறுகுபூச்சு, நிறப்பூச்சு, நீறுபூத்தல் ஆகிய ஆறும் என் பரிந்துரை. ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துக் கட்டும் துணிக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை. ‘ஒலித்திரை’ சினிமாப் பக்கம் போகிறது, ‘வலைத்துணி’ கொசுவலையைச் சொல்கிறது. நாகர்கோவில், காரைக்குடி, யாழ்ப்பாணம் பக்கத்துப் பழைய ரேடியோ மெக்கானிக்குகளோ ஆசாரிகளோ அதற்கு ஏதாவது சொல் வைத்திருந்தால், கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.