குவேக்கர்களை வணிகர்களாக்கியது நம்பிக்கையா, அடைபட்ட கதவுகளா?

பேரேடு:
"குவேக்கர்கள் நேர்மையால் வளர்ந்தார்கள், பார்க்ளேஸும் லாய்ட்ஸும் கேட்பரியும் அதற்குச் சாட்சி" என்று நெய்தல் வேறொரு இழையில் எழுதியிருந்தார். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. (தெரியாதவர்களுக்கு: குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையினர். முதல் இரண்டும் வங்கிகள், கேட்பரி சாக்லேட் நிறுவனம்.) முதலில் அன்றைய சட்டத்தைப் பார்ப்போம். "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்ற மத்தேயு வசனத்தை அவர்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சத்தியப் பிரமாணம் செய்யாதவருக்கு அரசுப் பதவி கிடையாது, ஆக்ஸ்ஃபோர்டு கிடையாது, கேம்பிரிட்ஜில் பட்டம் கிடையாது. போரை எதிர்த்ததால் ராணுவமும் இல்லை. சம்பளத்துக்குப் போதிக்கும் பாதிரிகளே தேவையில்லை என்றவர்களுக்குத் திருச்சபை வேலை எங்கிருந்து வரும்? அரசுத் திருச்சபைக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கட்ட மறுத்ததால் தானியத்தையும் மாட்டையும் ஜப்தி செய்தார்கள். ஆக, விவசாயமும் கையைக் கடித்தது. மிச்சம் இருந்தவை கடையும் பட்டறையும்தான். 1696இல் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லலாம் என்று சட்டம் வந்த பிறகும், குற்ற வழக்குகளில் அவர்கள் சாட்சி சொல்ல 1828 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கூட்டத்தை வணிகத்துக்குள் தள்ளிவிட்டு, அவர்கள் வணிகத்தில் ஜெயித்ததை ஆன்மிகத்தின் கணக்கில் வரவு வைப்பது சரியில்லை.

நெய்தல்:
பேரேடு ஐயா, கதவு கத்தோலிக்கருக்கும் அடைபட்டது, பாப்டிஸ்டுகளுக்கும் அடைபட்டது. அவர்களும் கடை வைத்தார்கள். அப்படியிருக்க, இவ்வளவு சின்ன சபையிலிருந்து (1860களில் பிரிட்டனில் சுமார் 14,000 பேர்) இத்தனை வங்கிகளும் இரும்பாலைகளும் எப்படி வந்தன? வணிகத்துக்குள் தள்ளப்பட்டதற்கு நீங்கள் காரணம் சொல்லிவிட்டீர்கள். உள்ளே போனபின் நடந்ததற்குச் சொல்லவில்லை.

ஒரே விலை என்ற வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரத்தில் கடைக்காரர் முதலில் சொல்லும் விலை, அவர் வாங்க நினைக்காத விலை. குவேக்கர் கண்ணில் அது பொய். அதனால் கடைசி விலையை முதலிலேயே சொன்னார்கள். தொடக்கத்தில் வியாபாரம் படுத்தது. சபையைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபாக்ஸே அதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு, சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கும் விலையிலேயே சரக்கு வரும் என்று தெரிந்ததும் கூட்டம் திரும்பி வந்தது.

அடுத்தது மாதக் கூட்டத்தின், அதாவது ஒரு வட்டாரத்துக் குவேக்கர்கள் மாதந்தோறும் கூடி நடத்தும் நிர்வாகக் கூட்டத்தின், கண்காணிப்பு. ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும் என்பது சபையின் அறிவுரை. ஒருவர் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் சபை ஆட்களை நியமிக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேரேட்டைப் பார்ப்பார்கள். கைமுதலுக்கு மேல் வியாபாரம் செய்கிறாரா, சரக்கே கைமாறாமல் வெறும் உண்டியலில் (பின்னால் பணம் தருவதாக எழுதும் வணிகச் சீட்டில்) ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டுப் பணம் புரட்டுகிறாரா, ஒரு கடன்காரருக்கு மட்டும் ரகசியமாகத் தீர்க்கிறாரா என்றெல்லாம் கேட்பார்கள். அடுத்தவர் பணம் கரைவதற்கு முன் கடையை மூடச் சொல்வார்கள். கேட்காமல் திவாலானால் சபை நீக்கம். நீதிமன்றம் கடனைத் தள்ளுபடி செய்திருந்தாலும், பிற்பாடு வசதி வந்தால் முழுக்கத் தீர்க்க வேண்டும் என்பதே சபையின் எதிர்பார்ப்பு. சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர் பெற்ற எலிசபெத் ஃப்ரையின் கணவர் ஜோசப்பின் வங்கி 1828இல் விழுந்தது. மனைவியின் புகழ் அவரைக் காப்பாற்றவில்லை, நீக்கினார்கள். இப்படி ஒரு தணிக்கை பின்னால் இருக்கும்போது ஊரார் நம்பிப் பணத்தைக் கொடுத்து வைத்தார்கள். வங்கி முளைத்தது அங்கேதான்.

பேரேடு:
தணிக்கை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வேலை செய்ததற்குக் காரணம் என்ன? வெளியே மணந்தால் நீக்கம் என்ற விதி 1859–60 வரை இருந்தது. அதனால் கர்னி, பார்க்ளே, லாய்ட், ஹான்பரி என்று எல்லோரும் கொண்டான் கொடுத்தான் உறவாகிவிட்டார்கள். தொழில் பழக அனுப்பிய பையன் மாமன் கடையிலோ சித்தப்பா பட்டறையிலோ இருப்பான். கடன் கொடுப்பவருக்கு வாங்குபவரின் மூன்று தலைமுறை தெரியும். இது உறவு வலை. செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்கும் இப்படி ஒரு வலை இருந்தது. அதற்கு, ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்ற குவேக்கர்களின் உள்ளொளிக் கொள்கை தேவைப்படவில்லை.

வலை பெரிதானபோது தணிக்கை என்ன ஆனது? கர்னி குடும்பம் வளர்த்த ஓவரெண்ட் கர்னி என்ற லண்டன் நிதி நிறுவனம் 1866 மே மாதம் சுமார் 1.1 கோடி பவுண்டு கடனோடு கவிழ்ந்து லண்டன் சந்தையையே உலுக்கியது. குறுகிய தவணையில் வாங்கிய பணத்தை ரயில்வே, கப்பல் என்று வருடக்கணக்கில் திரும்பாத இடங்களில் முடக்கியிருந்தார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேரேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கக்கூடிய அளவைத் தொழில் எப்போதோ தாண்டிவிட்டது.

கொல்லன்பட்டறை:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழிலை நம்பிக்கை எப்படி மாற்றியது என்றால் இழப்பு வந்த இடங்களைப் பார்க்க வேண்டும். பர்மிங்ஹாமின் சாமுவேல் கால்டன் துப்பாக்கி செய்தவர், பரம்பரைத் தொழில். 1795இல் மாதக் கூட்டம் அவரைக் கேள்வி கேட்டது. தொழில் தனக்கு வாரிசாக வந்தது, தன் முன்னோரைச் சபை இத்தனை காலம் கண்டிக்கவில்லை என்று எழுத்தில் வாதாடினார். அடுத்த ஆண்டு நீக்கப்பட்டார். ஆனாலும் வழிபாட்டுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. பணக்காரரை இழக்கச் சபை தயாராக இருந்தது. அதே சமயம் அவருடைய வாதத்திலும் உண்மை இருக்கிறது: பல பத்தாண்டுகள் அதே சபை கண்டுகொள்ளாமல்தான் இருந்தது.

கேட்பரி பற்றியும் நேராகப் பேசிவிடலாம். கோகோ பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. வெந்நீரில் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை உறிஞ்ச உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி, வெல்லப்பாகு என்று சேர்ப்பது அன்றைய வழக்கம், கேட்பரியும் சேர்த்தார்கள். கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் வான் ஹூட்டனின் அழுத்தப்பொறியை வாங்கி, 1866இல் கலப்படமில்லாத தூளை விற்ற பிறகுதான் "முற்றிலும் சுத்தம்" என்று விளம்பரம் செய்ய முடிந்தது. மனசாட்சிக்கு அந்த இயந்திரம் வழி திறந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

பேரேடு:
கேட்பரியை எடுத்தீர்கள், சாவோ தோமேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியத் தீவுத் தோட்டங்களில் அங்கோலா மக்களை அடிமைகளாக வேலை வாங்குகிறார்கள் என்ற செய்தி வில்லியம் கேட்பரிக்கு எட்டியது 1901இல். நேரில் விசாரிக்க ஜோசப் பர்ட்டை அனுப்பியது 1905இல். கொள்முதலை நிறுத்தியது 1909 மார்ச்சில். இந்த எட்டு ஆண்டுகளும் பருப்பு வந்துகொண்டே இருந்தது. இதைச் சுட்டிக்காட்டிய ஸ்டாண்டர்ட் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. பதினெட்டு தடவை யோசித்துச் சொன்ன தீர்ப்பும் இதைவிடத் தெளிவாக இருக்காது.

நெய்தல்:
அந்தத் தாமதத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். வாங்குவதை நிறுத்தினால் தோட்டக்காரர் மீதுள்ள பிடி போய்விடும், வாங்கிக்கொண்டே நெருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது தவறிப்போனது.

ஆனால் அதே சபையில் ஜான் உல்மனும் இருந்தார். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில், நியூஜெர்சியின் மவுண்ட் ஹோலியில் கடை வைத்திருந்தவர். வேலை கொடுத்தவர் கேட்டார் என்பதற்காக ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தது அவரை உறுத்தியது. பிறகு அப்படிப்பட்ட பத்திரங்களையும், அடிமைகளைச் சொத்தாக விட்டுச்செல்லும் உயில்களையும் எழுத மறுத்தார். எழுத்துக்கூலி நல்ல வரும்படி, அதை விட்டார். கடையில் வியாபாரம் பெருகி மனதை இழுத்தபோது அதைச் சுருக்கிக்கொண்டு தையலில் நின்றார். அடிமை வைத்திருந்த வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்கு வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கதவு அடைபட்டதால் எடுத்த முடிவுகள் இல்லை இவை. திறந்திருந்த கதவை அவரே சாத்தினார்.

பேரேடு:
உல்மன் ஒருவர். சபை என்ன செய்தது? 1688இல் அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறையை எதிர்த்து எழுதிக் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அது ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அங்கே கிடப்பில் போட்டார்கள். ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் அடிமை வைத்திருப்போரை நீக்க முடிவெடுத்தது 1776இல். 88 ஆண்டுகள்! ஓட்டெடுப்பே இல்லாத, எல்லோரும் இசையும்வரை காத்திருக்கும் முறைக்கு அடிமைகள் கொடுத்த விலை அது.

கொல்லன்பட்டறை:
இங்கே முறையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். எல்லோரும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. ஒருவர் பேசியதும் சிறிது மௌனம். அதே கருத்தை இன்னொருவர் திரும்பச் சொல்வதில்லை. கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கிளார்க் (கூட்டத்தை நடத்துபவர்) உணர்ந்து அங்கேயே குறிப்பு எழுதி வாசிப்பார். அந்த அறையிலேயே திருத்தி ஏற்பார்கள். "பிறகு எழுதி அனுப்புகிறேன்" என்பது கிடையாது. உடன்படாதவர் ஒதுங்கி நிற்கலாம், அது குறிப்பில் ஏறும். கிளார்க்குக்குத் துணிவு இல்லையென்றால் இரண்டு பேரின் மறுப்பு ரத்து அதிகாரமாகிவிடும். நாள் தள்ளுவது யாருக்கும் நஷ்டமில்லாத அறையில் அது இன்னும் சுலபம். 88 ஆண்டுகள் ஆனது அதனால்தான்: அடிமைகள் அந்த அறையில் இல்லை, முதலாளிகள் இருந்தார்கள்.

நெய்தல்:
இதை ஏற்கிறேன். தொழில் தேர்வுக்கு இன்றும் அவர்கள் நடத்தும் தெளிவுக் குழுவுக்கும் இதே அபாயம் உண்டு. வேலையை விடுவதா, ஏற்பதா என்று குழம்பும் ஒருவர் நாலைந்து பேரை அழைக்கிறார். பிரச்சினையை முன்கூட்டியே சில பக்கங்களில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இரண்டு மூன்று மணி நேரம் அவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக்கூடாது. கெட்டுப்போவது ஒரே இடத்தில்: "விட்டுவிட்டால் நல்லது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?" மாதிரி, கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை. "இந்த முடிவால் யாருடைய கூலி குறையும்?" என்று கேட்க ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

பேரேடு:
அந்தக் கேள்வியை யாருடைய கூலி குறையுமோ அவரே கேட்கட்டும். உங்கள் நாலைந்து நாற்காலியில் ஒன்று அவருக்கு என்றால், இந்த இழையில் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது. கர்னிகளைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.