எலிவேட்டர் பிடித்த கைக்கு மறக்காத ஒரு நொடி

முதுநிலை மாணவன்:
செப்டோபிளாஸ்டி, மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் அறுவை. சவ்வைப் பிரித்துத் தூக்கும் எலிவேட்டர் கருவியான ஃப்ரீயர் என் கையில். இடப்பக்க பிளாப், அதாவது பிரித்தெடுக்கும் சவ்வு, பாதி தூக்கியாகிவிட்டது. ரத்தமே இல்லை, குருத்தெலும்பு நீலம் கலந்த வெள்ளையாகப் பளபளத்தது. பிரிக்க வேண்டிய சரியான அடுக்குதான். கீழே மேக்ஸில்லரி கிரெஸ்டுக்கு, நடுச்சுவரின் அடியில் இருக்கும் எலும்பு மேட்டுக்கு, வந்ததும் பிடித்தது. அழுத்தினேன். சத்தம்கூட வரவில்லை, அதுவரை கையைத் தடுத்துக்கொண்டிருந்தது சட்டென்று இல்லாமல் போனது. பார்த்தால் ஃப்ரீயரின் நுனி சவ்வுக்கு வெளியே, மூக்குத் துவாரத்துக்குள் தெரிகிறது. சீனியர் எதுவும் சொல்லவில்லை, கருவியை மட்டும் வாங்கிக்கொண்டார். மறுபக்கச் சவ்வு முழுசாக இருந்ததால் கிழிசல் ஆறிவிட்டது. என் விரலுக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.

மூக்கு அறுவை, 15 வருஷம்:
தம்பி, அந்த இடத்தில் யார் அழுத்தினாலும் கிழியும். குருத்தெலும்பின் உறையான பெரிகாண்ட்ரியமும் எலும்பின் உறையான பெரிஆஸ்டியமும் அங்கே ஒன்றாகத் தொடர்வதில்லை, நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்கும். சவ்வுக்கு அடியில் மேலே ஒரு சுரங்கம் எடு. கிரெஸ்டின் மேல் தனியாக இன்னொன்று எடு. அப்புறம் நடுவில் நிற்கும் நார்களைக் கூராக வெட்டி இரண்டையும் சேர். முன்னாலிருந்து பின்னால் போவதைவிட, பின்னால் தளர்ந்த இடத்திலிருந்து முன்னோக்கி வந்தால் எளிது. நுனி எப்போதும் எலும்பைத் தொட்டுக்கொண்டே போகட்டும். ஒரு பக்கம் கிழிந்தால் மறுபக்கத்தை உயிரைப்போல் காப்பாற்று. எனக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் நேருக்கு நேர் கிழிந்தது. மூன்று மாதம் கழித்து அந்த நோயாளி வந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார். நடுச்சுவரில் விழுந்த ஓட்டை வழியே விசில் சத்தம் கேட்டது.

பல் மருத்துவர்:
எனக்குக் கிழிசல் இல்லை, வேறு. கீழ்த்தாடை, லோக்கல் அனஸ்தீசியா, மோல்ட் 9 எலிவேட்டர். பல்லிடை ஈறைக் கூர்முனையால் விடுவித்துவிட்டு அகல முனையால் பெரிஆஸ்டியத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வலி துளியும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. நிறுத்திவிட்டுக் கேட்டேன். "எலும்பைச் சுரண்டுற சத்தம் காதுக்குள்ளயே கேக்குது டாக்டர்." எத்தனையோ பிளாப் தூக்கியிருக்கிறேன், அந்தச் சத்தம் அவர்களுக்குள் எப்படிக் கேட்கும் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

தியேட்டர் நர்ஸ்:
"யார் அழுத்தினாலும்" என்று சொல்வதை ஏற்க மாட்டேன் சார். விளிம்பையும் பார்க்க வேண்டும். மழுங்கிய எலிவேட்டர்தான் கூடுதல் அழுத்தம் கேட்கும், கூடுதலாக அழுத்தினால்தான் வழுக்கும். ஒருநாள் அப்படி ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்தது நான்தான். எலும்பிலிருந்து நழுவி, தசையை விலக்கிப் பிடித்திருந்த டாக்டரின் இடதுகை ஆள்காட்டி விரலில் ஏறியது. கையுறைக்குள் சிவப்பு பரவியதை இப்போதும் பார்க்கிறேன். முதுநிலை தம்பி, ஃப்ரீயரில் ஒரு முனை கூர், ஒரு முனை மழுங்கல். அன்று எந்த முனை உள்ளே இருந்தது?

முதுநிலை மாணவன்:
கூர்முனை, அக்கா. முதல் விளிம்பைக் கண்டுபிடித்ததும் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.